மூடிய ஆலையின் மின்சாதனங்களை லாட்டாக வாங்கலாமா?

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை நடத்துபவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவருடைய பட்டறைக்கு அருகில் சில ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் நூற்பாலை ஒன்றின் மின்சாதனங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஓடிக் கழற்றிய மோட்டார்கள், விஎஃப்டிகள் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்கள்), சர்க்யூட் பிரேக்கர்கள், கேபிள் டிரம்கள், பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) பாகங்கள், ஸ்டோரில் பிரிக்கப்படாமலே இருக்கும் பெட்டிகள் என எல்லாம் சேர்ந்து ஒரே லாட். புதிய பொருள்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துத் தருவதாகத் தரகர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது கேள்வி.

சிலவற்றைத் தைரியமாக வாங்கலாம். சிலவற்றைச் சும்மா கொடுத்தாலும் பேனலில் மாட்டக் கூடாது. புதியதா பழையதா என்பதையோ, எந்தக் கம்பெனிப் பொருள் என்பதையோ வைத்து இவற்றைப் பிரிப்பதில்லை. அந்தப் பொருளின் உண்மையான நிலையை நம் கையில் உள்ள கருவிகளால் சோதித்து அறிய முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மோட்டார் தன் நிலையை மெகரிலும் (மின்காப்பின் எதிர்ப்பை அளக்கும் கருவி) ஆம்பியர் மீட்டரிலும் சொல்லிவிடும். கேபிளும் அப்படித்தான். சர்க்யூட் பிரேக்கரோ ஷார்ட் சர்க்யூட் ஆகும் அந்த நொடி வரை ஒன்றும் சொல்லாது. சோதிக்க முடிந்ததைச் சோதனையின் பேரில் வாங்கலாம். சோதிக்க முடியாததை, அது எங்கிருந்து வந்தது, எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் மட்டுமே வாங்கலாம்.

ஒரே லாட்டில் குறைந்தது நான்கு வகைச் சரக்கு கலந்திருக்கும். விரிவாக்கத்துக்கென்று வாங்கி, திட்டம் நின்றுபோனதால் பெட்டி பிரிக்காமல் கிடப்பவை ஒரு வகை. இயந்திரத்துக்கு மாற்றாக வாங்கி வைத்து, இயந்திரமே போன பிறகும் ஸ்டோரில் தங்கிவிட்டவை இரண்டாவது வகை. ஆலை நின்ற நாள் வரை ஓடிக்கொண்டிருந்து பிறகு கழற்றப்பட்டவை மூன்றாவது. பழுதாகிக் கழற்றி, ரீவைண்டிங்குக்கோ (எரிந்த கம்பிச் சுற்றை மாற்றிச் சுற்றுவது) சர்வீசுக்கோ அனுப்பக் காத்திருந்தபோதே ஆலை மூடப்பட்டதால் அப்படியே நின்றவை நான்காவது. வியாபாரத்தில் நான்குக்கும் சர்ப்ளஸ் என்றே பெயர். நான்காவது வகையைத்தான் தரகர்கள் ‘டெஸ்ட் பண்ணலை சார், ஆனா நல்லாத்தான் இருக்கும்’ என்று அறிமுகப்படுத்துவார்கள்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, பொருளைத் தொடுவதற்கு முன் காகிதத்தைத் தேட வேண்டும். ஒழுங்காக நடந்த ஆலையின் ஸ்டோரில் ஒவ்வொரு பொருளுக்கும் பின் கார்டு என்னும் இருப்பு அட்டை தொங்கும். வந்த தேதி, எடுத்த தேதி, திருப்பி வைத்த தேதி அதில் இருக்கும். ஒருமுறை வரவு காட்டி அதன் பிறகு அசைவே இல்லாத கார்டு இருந்தால் அந்தப் பெட்டி உண்மையிலேயே புதிது. வரவு, பற்று, மறுபடி வரவு என்றிருந்தால் மாட்டிக் கழற்றியது. மின்பிரிவில் மோட்டார் ஹிஸ்டரி கார்டும் ரீவைண்டிங் பதிவேடும் இருந்திருக்கும். அவை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், அந்த ஆலையில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் யாரேனும் ஊரில் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து ஒரு நாள் சம்பளம் கொடுத்து உடன் அழைத்துச் செல்வது, இந்த வியாபாரத்தில் செலவழிக்கும் பணத்திலேயே அதிகப் பலன் தரும் பணம். எந்த மோட்டார் எத்தனை முறை எரிந்தது என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

மூடிய ஆலையில் வாங்க வருவோர் மறந்துவிடும் ஒன்று, அங்கே மின் இணைப்பு இருக்காது என்பது. எதையும் ஓட்டிப் பார்க்க இயலாது. ஆகவே 500 வோல்ட் மெகர், மில்லிஓம் மீட்டர், வெர்னியர் காலிபர், டார்ச் லைட் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மதிப்பு அதிகம் என்றால் ஒரு நாளைக்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, முக்கியமான மோட்டார்களையாவது சுமையில்லாமல் ஓட்டிக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

மோட்டார் விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனெனில் இந்த லாட்டில் உங்களுக்கு உண்மையில் லாபம் தரக் கூடியது அதுதான். டெர்மினல் பெட்டியைத் திறந்து, இணைப்புத் தகடுகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையிலும், வைண்டிங்குகளுக்கு இடையிலும் ஒரு நிமிடம் மெகர் வைத்து அளக்க வேண்டும். 1000 வோல்ட்டுக்கு உட்பட்ட சாதாரண மோட்டார்களுக்கு, 40 டிகிரி செல்சியஸில் 5 மெகாஓம் குறைந்தபட்சம் என்று ஐஇஇஇ 43 தரநிலை சொல்கிறது. நல்ல மோட்டார் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த அளவு ஏறக்குறையப் பாதியாகும் என்பதால், வெயிலில் கிடந்த மோட்டாரையும் நிழலில் கிடந்த மோட்டாரையும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிடக் கூடாது. பல மழைக்காலங்கள் சும்மா கிடந்த மோட்டார் 1 அல்லது 2 மெகாஓம் காட்டினால் அது எரிந்துவிட்டது என்று பொருளல்ல, பெரும்பாலும் ஈரம்தான். பெரிய பல்பு வெளிச்சத்தில் வைத்தோ, ஓவனிலோ காயவைத்தால் எண் ஏறும். விற்பவருக்கு இது தெரியாது என்றால் விலை பேச இது உங்களுக்கு நல்ல இடம். பூஜ்யம் காட்டினால் மட்டும் அதை எடைக் கணக்கில் வைத்துவிடுங்கள்.

அடுத்து மூன்று வைண்டிங்குகளின் எதிர்ப்பு. மில்லிஓம் மீட்டரில் மூன்றும் ஓரிரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று விலகி நின்றால் உள்ளே சில சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது ரீவைண்ட் செய்தவர் கணக்கில் கோட்டை விட்டிருக்கலாம். ரீவைண்ட் செய்தது என்பதாலேயே மோட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கம்பியை எடுப்பதற்காக ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பகுதி) அளவுக்கு மீறிச் சூடாக்கி எரித்திருந்தால், தகடுகளுக்கு இடையிலான மின்காப்புப் பூச்சு கெட்டு, மோட்டார் சுமையில்லாமலே சூடாகும். ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் இது உடனே வெளிப்படும். 10 எச்பி, 4 போல், 415 வோல்ட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் 14 ஆம்பியர் அளவில் இருக்கும். சுமையில்லாமல் ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை எடுப்பது இயல்பு. 5 ஆம்பியர் எடுக்க வேண்டிய இடத்தில் 9 எடுத்தால், நேம் பிளேட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

புதுப் பெயின்ட் அடித்த பழைய மோட்டாரைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, கழற்றிய இடத்திலேயே கிடக்கும் மோட்டாரில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பெயின்ட் அடித்ததில் திருகுகளின் தலைகளைப் பாருங்கள்: பெயின்ட்டுக்கு அடியில் ஸ்பானர் நழுவிய தழும்புகள் இருந்தால் அது பலமுறை திறக்கப்பட்டது.

நூற்பாலை மோட்டார்களுக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு. பஞ்சுத் துகள் தங்காத வகையில் பாடி அமைக்கப்பட்ட, ஐஎஸ் 2972 தரநிலையின் கீழ் வரும் ஜவுளி மோட்டார்கள் இவை. ஷாஃப்ட்டும் கால் அளவும் வழக்கமானவைதாமா என்று வெர்னியரில் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான 132 ஃபிரேம் (பாடி அளவைக் குறிக்கும் எண்) மோட்டாருக்கு ஷாஃப்ட் 38 மில்லிமீட்டர், 160 ஃபிரேமுக்கு 42. விலகினால் உங்கள் புல்லியும் கப்ளிங்கும் பொருந்தா. பேஸ் பிளேட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். மேலும், ஆலை மூன்று ஷிஃப்ட் ஓடியது. ஆண்டுக்கு 350 நாள் என்றால் 8,400 மணி நேரம். பத்தாண்டு ஓடிய மோட்டார் 80,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். வாங்கியவுடன் பேரிங் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஓடாமல் நின்ற மோட்டாரிலும் கிரீஸ் கெட்டியாகி, பேரிங் பாதையில் பந்துகள் பதிந்த தடம் விழுந்திருக்கும்.

இனி, விலையைவிடப் பெரிய செலவு. பழைய மோட்டார்களில் பல ஐஇ1 திறன் வகுப்பு (எண் கூடக் கூட மின் விரயம் குறைவு), அல்லது அதற்கும் முந்தையவை. 7.5 கிலோவாட், 4 போல் மோட்டாருக்கு ஐஇ1 வகுப்பில் திறன் 86.0 சதவீதம், ஐஇ3 வகுப்பில் 90.4 சதவீதம். முழுச்சுமையில் முன்னது இழுப்பது 8.72 கிலோவாட், பின்னது 8.30. வித்தியாசம் மணிக்கு 0.42 யூனிட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் சுமார் 2,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய். ஷிஃப்ட் முழுதும் ஓடும் மோட்டாருக்கு, சர்ப்ளசில் மிச்சம் பிடித்தது ஓரிரண்டு ஆண்டில் மின்கட்டணத்தில் போய்விடும். அதே மோட்டார் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் ஹாய்ஸ்டுக்கோ, எப்போதாவது போடும் பம்புக்கோ என்றால் ஆண்டு இழப்பு 2,000 ரூபாய் அளவுதான், பழையதையே போடலாம். எங்கே மாட்டப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் மோட்டார் வாங்குவதால்தான் பலருடைய சர்ப்ளஸ் லாபம் மின்வாரியத்துக்குப் போய்ச் சேருகிறது.

தரகர் ‘இதோடு நம்மிடம் இருக்கும் இரண்டு ஃபாரின் மோட்டாரையும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லக் கூடும். அவை கப்பலிலிருந்து வந்தவையாக இருக்கலாம். குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல்கள் 1983 முதல் உடைக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து கழற்றிய மோட்டார்கள் நாடெங்கும் சந்தைக்கு வருகின்றன. கட்டமைப்பில் அவை பெரும்பாலும் உயர்தரமானவை. ஆனால் கப்பல் மின்சாரம் வழக்கமாக 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜ் 25 குறைவுதானே என்று மாட்டினால் மோட்டார் கொதிக்கும். காரணம் வோல்ட்டேஜுக்கும் ஃபிரீக்வென்சிக்கும் உள்ள விகிதம்: கப்பலில் 440-ஐ 60 ஆல் வகுத்தால் 7.33, இங்கே 415-ஐ 50 ஆல் வகுத்தால் 8.3. காந்தப்புலம் 13 சதவீதம் கூடுகிறது. மோட்டாரின் இரும்புக் கோர் அந்த மிகையைத் தாங்காமல், சுமையே இல்லாதபோதும் மின்னோட்டத்தை அள்ளி இழுக்கும். வேகமும் 1,760-லிருந்து 1,460 அளவுக்கு இறங்கும். விஎஃப்டி வழியாக, 440 வோல்ட்டுக்கு 60 ஹெர்ட்ஸ் என்ற விகிதத்தை அமைத்து ஓட்டினால் 50 ஹெர்ட்ஸில் 367 வோல்ட் போய் மோட்டார் அமைதியாக ஓடும். அந்த நிலையில் கிடைக்கும் குதிரைத்திறன் ஆறில் ஐந்து பங்கு. விஎஃப்டி போடும் எண்ணம் இல்லையென்றால் நேம் பிளேட்டில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் இருக்கும் மோட்டாரை எடுக்காதீர்கள்.

கான்டாக்டர்கள் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்சுகள்) சோதிக்கக் கூடியவை. கழற்றி முனைகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இங்கே இடறுவது வேறு இடத்தில். ஷ்னைடரின் எல்சி1டி32 கான்டாக்டரை எடுத்துக்கொண்டால், மோட்டார் சுமைக்கான ஏசி-3 பிரிவில் அது 32 ஆம்பியர். ஹீட்டர் போன்ற சுமைக்கான ஏசி-1 பிரிவில் 50 ஆம்பியர். விற்பவர் 50 என்றுதான் சொல்வார். எண்ணின் கடைசி எழுத்துகள், அதை இயக்கும் காயிலின் (கம்பிச்சுருள்) வோல்ட்டேஜைச் சொல்கின்றன: எம்7 என்றால் 220 வோல்ட் ஏசி, எஃப்7 என்றால் 110, என்7 என்றால் 415, பிடி என்றால் 24 வோல்ட் டிசி. ஆலை பேனல்களில் 110 வோல்ட் கன்ட்ரோல் சர்க்யூட் பரவலாக இருந்ததால், புத்தம் புதிய எஃப்7 பெட்டிகள் சர்ப்ளசில் மலிவாகக் கிடைக்கும். உங்கள் பேனலிலும் 110 வோல்ட் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அது பழுதில்லாத நல்ல வரவு. இல்லாவிட்டால் தனித்தனியாகக் காயில் வாங்கும் செலவைக் கூட்டிப் பாருங்கள், மலிவு காணாமல் போகும்.

சர்க்யூட் பிரேக்கருக்கு வருகிறேன். இதில் என் கருத்து கடுமையானது, அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதையும் இதுவரை நான் காணவில்லை. எம்சிசிபி என்னும் பெரிய வகைப் பிரேக்கரின் நேம் பிளேட்டில் ஐசியு (உச்சத் துண்டிப்புத் திறன்), ஐசிஎஸ் (சேவைத் துண்டிப்புத் திறன்) என இரண்டு கிலோஆம்பியர் எண்கள் இருக்கும். ஐஇசி 60947-2 தரநிலைப்படி, ஐசியு அளவுக்கான சோதனையில் பிரேக்கர் அந்த ஷார்ட் சர்க்யூட்டை ஒருமுறை துண்டித்து, மறுபடி மூடி மீண்டும் ஒருமுறை துண்டித்தால் போதும். அதன் பிறகு அது தன் முழு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தாங்கிச் சேவை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படிப் பெரிய ஷார்ட் சர்க்யூட்டை ஏற்கெனவே கண்டுவிட்ட பிரேக்கர் உங்கள் கையில் புதியதைப் போலவே கிளிக் என்று மூடும், திறக்கும். மெகரிலும் நன்றாகவே இருக்கும். உள்ளே முனைகள் கரைந்திருப்பதும், ஆர்க் சூட் என்னும் தீப்பொறி அணைக்கும் அறையில் கரி படிந்திருப்பதும் வெளியே தெரியாது. டிரிப் யூனிட் (மின்னோட்டம் மிகும்போது பிரேக்கரைத் திறக்கும் பாகம்) சொன்ன நேரத்தில் விழுமா என்று பார்க்க நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் செலுத்தும் பிரைமரி இன்ஜெக்ஷன் கருவி வேண்டும். துண்டிக்கும் திறனைப் பார்ப்பதற்கோ பெங்களூரில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் உள்ள வசதி வேண்டும், அந்தச் சோதனையோ பிரேக்கரையே தின்றுவிடும். ஆகவே ஓடிக் கழற்றிய எம்சிபி (சிறிய பிரேக்கர்), எம்சிசிபி, எச்ஆர்சி ஃபியூஸ் இவற்றை வாங்கி மாட்டாதீர்கள். பெரிய ஏசிபி (காற்றில் துண்டிக்கும் பிரேக்கர்) மட்டும் விதிவிலக்கு: அதைத் திறந்து முனைகளையும் ஆர்க் சூட்டையும் மாற்றலாம், தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவு ரிலேயைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும். அந்த ரிப்போர்ட்டின் செலவோடு விலை கட்டுப்படியானால் எடுக்கலாம்.

பெட்டி பிரிக்காத பிரேக்கர் வேறு கதை, அங்கே பயம் போலியைப் பற்றியது. ஆலை வாங்கிய இன்வாய்ஸ் நகலும் பின் கார்டும் சேர்ந்து வந்தால் வாங்கலாம். தரகர் வெளியிலிருந்து கொண்டுவந்து லாட்டில் சேர்த்த பெட்டியாக இருந்தால் வேண்டாம். பெயர் மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். எல் அண்ட் டி நிறுவனத்தின் மின்சாதனப் பிரிவை ஷ்னைடர் 2020 ஆகஸ்டில் வாங்கியது. 2024 முதல் அது லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் வருகிறது. பழைய பெயருள்ள பெட்டி போலி என்பதில்லை; பெட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியும், பெயரும், இன்வாய்ஸ் தேதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதுதான் கேள்வி.

விஎஃப்டியில் முதலில் மூப்படைவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். பெட்டி பிரிக்காமலே இருந்தாலும், மின்சாரம் காணாமல் நீண்டகாலம் கிடந்தால் அதன் உள் ஆக்சைடு படலம் நலிந்துவிடும். ஓராண்டு, ஈராண்டுக்கு மேல் இருப்பில் கிடந்த டிரைவை நேராக 415 வோல்ட்டில் மாட்டாமல், கெப்பாசிட்டர்களை ‘ரீஃபார்ம்’ செய்த பிறகே மாட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன: வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாகக் குறைந்த வோல்ட்டேஜில் தொடங்கி, சில மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றுவது. சர்ப்ளஸ் டிரைவ் ‘மாட்டியதும் வெடித்தது’ என்ற புகார்களில் ஒரு பகுதி இந்தப் பொறுமையின்மையால் வருவது. ஓடிக் கழற்றிய டிரைவில் ஃபேனையும், ஹீட் சிங்க் இடுக்குகளில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பஞ்சு அடைத்த டிரைவ் அத்தனை காலமும் சூட்டில் ஓடியது என்று பொருள். பாராமீட்டர்களுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை எடுக்க வழியுண்டா என்றும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிஎல்சி பாகங்களில் விலை தலைகீழாக நிற்கும். சீமென்ஸின் எஸ்7-300 வரிசை 2023 அக்டோபரிலிருந்து புதிய திட்டங்களுக்கான பொருள் அல்ல. 2033 வரை உதிரிபாகமாக மட்டும் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இப்படி வெளியேறும் வரிசைகளின் சர்ப்ளஸ் சில சமயம் பழைய பட்டியல் விலையைவிட அதிகமாகப் போகும், ஏனென்றால் உற்பத்தி நின்றுபோன ஒருவருக்கு அந்த ஒரு கார்டு இன்றே வேண்டும். உங்கள் பட்டறையில் அந்த வரிசை ஓடவில்லை என்றால் இதை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை. லாட்டில் வந்தால் விற்கத்தக்க சொத்து. எண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். 315-2ஏஹெச்14 என்பதில் புரோஃபிபஸ் என்னும் பழைய தகவல் இணைப்பு மட்டும்தான். 315-2இஹெச்14 என்பதில் புதிய வகை இணைப்பான புரோஃபிநெட்டும் உண்டு. ஓரெழுத்து வித்தியாசத்தில் விலையும் பயனும் மாறிவிடும். மெமரி கார்டு இல்லாத சிபியுவுக்குக் கார்டின் விலையைக் கழியுங்கள்.

கேபிளை ஏமாறாமல் வாங்க இரண்டு எண்கள் போதும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு 1 மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம். ஆகவே 4 கோர், 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 100 மீட்டரில் சுமார் 57 கிலோ செம்பு இருக்க வேண்டும். அதை அன்றைய செம்பு எடை விலையால் பெருக்கினால் எந்த நிலையிலும் நஷ்டப்படாத அடிமட்ட விலை கிடைக்கும். இரண்டாவது எண் எதிர்ப்பு: 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 1.15 ஓம் உச்சம். 100 மீட்டர் துண்டில் ஒரு கோருக்கு 0.115 ஓமுக்கு மேல் தெளிவாகக் காட்டினால், உள்ளே கம்பி குறைவு அல்லது செம்பு மட்டம். டிரம்மின் நீளத்தை வாய்ச்சொல்லில் ஏற்காமல் உறையில் அச்சிட்ட மீட்டர் எண்களைக் கழித்துப் பாருங்கள். முனை மூடி இல்லாமல் திறந்த வெளியில் நின்ற டிரம்மில் முதல் சில மீட்டர்களில் தண்ணீர் ஏறியிருக்கும், அவற்றை வெட்டி எறியலாம். பைப்பிலிருந்து உருவி எடுத்த கேபிளை எடை விலைக்கு மேல் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

லாட்டில் பழைய டிரான்ஸ்ஃபார்மரோ பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் பேங்கோ இருந்தால் அதைப் பிரித்துவிட்டு மற்றதற்கு மட்டும் விலை கேளுங்கள். பழைய எண்ணெயில் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கலாம். அது உள்ள சாதனங்களின் பயன்பாட்டை 2025-க்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் இலக்கு, இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. எண்ணெய்ப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் சொத்தல்ல. உயர் அழுத்த இணைப்பில் மாட்டுவதற்கு மின் ஆய்வுத் துறையின் அனுமதியும் வேண்டும்.

விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்பது அடுத்தது. ஆலை இயந்திரங்கள் பெரும்பாலும் வங்கிக் கடனுக்கு ஈடாகக் காட்டப்பட்டவை. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவருக்கும் வராது. உரிமையாளரே நேரில் விற்றாலும் வங்கியின் தடையில்லாச் சான்றைக் கேளுங்கள். 2016 திவால் சட்டத்தின் கீழ் கலைப்பாளர் விற்கிறார் என்றால் உரிமை பற்றிய கவலை பெரிதும் குறையும், ஆனால் ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்ற நிபந்தனையோடு விற்பார். பிறகு எந்தப் புகாருக்கும் இடமில்லை. 1964-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி நடத்தும் மின்னணு ஏலங்களிலும் இதே நிபந்தனைதான். அங்கே பார்வையிடக் கொடுக்கும் நாள்கள்தாம் உங்கள் ஒரே பாதுகாப்பு. முன்வைப்புத் தொகை, ஜிஎஸ்டி, ஸ்க்ராப்புக்கான டிசிஎஸ் (விற்பவர் வசூலிக்கும் வருமான வரி), குறித்த நாளுக்குள் அள்ளாவிட்டால் ஏறும் இட வாடகை ஆகியவை ஏலத்தொகைக்கு வெளியே நிற்பவை. தரகரிடமோ டீலரிடமோ வாங்கினால் முழு வரி இன்வாய்ஸ் கொடுப்பாரா என்று முன்பே கேளுங்கள். பழைய பொருள் வியாபாரிகள் லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் முறையில் விற்றால் உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காமல் போகலாம். அப்போது மலிவு என்று தோன்றிய விலை உண்மையில் மலிவல்ல.

இனி, மூன்றில் ஒரு பங்கு என்ற பேச்சு. ஒரு கணக்குக்காக, லாட்டின் புதிய விலை 9 லட்சம், கேட்கும் விலை 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் பட்டறைக்கு உண்மையில் பயன்படுவது 4 லட்சத்துக்கு என்றும், அதற்குள் ஓடிக் கழற்றிய பிரேக்கர்கள் 1.5 லட்சத்துக்கு என்றும் கொள்வோம். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது 2.5 லட்சம். சோதித்துத் தேறிய பழைய பொருளுக்குப் புதியதின் பாதிக்கு மேல் கொடுக்க நியாயமில்லை: 1.25 லட்சம். மீதி அனைத்தும் எடைக்குப் போனால் 60,000 வரும் என்றால் அதைக் கூட்டுங்கள். கழற்றும் கூலி, லாரி, பேரிங், சோதனை என 30,000 கழியுங்கள். உங்கள் உச்ச விலை 1.55 லட்சம். உங்கள் பட்டியலோடு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், அநேகமாகத் தரகர் சொல்வதில் பாதி அளவிலேயே நிற்பீர்கள். முழு லாட்டாகத்தான் கொடுப்போம் என்றால் அந்த விலைக்கு முழு லாட். மோட்டாரும் கேபிளும் கான்டாக்டர் பெட்டிகளும் தனியாகக் கிடைக்கும் என்றால் அதுவே உத்தமம். சந்தேகமான இரண்டொரு பெரிய மோட்டார்களுக்கு, கோவையிலேயே உள்ள சிடார்க் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம் என்று விலை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேறாவிட்டால் என்ன தொகை கழியும் என்பதையும் சேர்த்து.

முழு லாட்டாக எடுக்க நேர்ந்தால் வேண்டாத சரக்கு உங்கள் பொறுப்பாகிவிடும். மின்னணு போர்டுகளைக் காயலான் கடைக்குப் போடாமல், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பிரேக்கர்களை எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் கைப்பிடியையும் சுத்தியலால் உடைத்து, லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். முழுதாகப் போனால் அவை துடைக்கப்பட்டு, புதுப் பெட்டியில் அடைக்கப்பட்டு, வேறொருவருடைய பேனலுக்கு ‘நியூ ஸ்டாக்’ என்று போய்ச் சேரும்.